சகலை வீட்டு வெளிச்சம்

மீட்டர் பார்க்க வருகிறவருக்குத் தெருவில் பெயர் கிடையாது. "ரீடிங் வந்திருக்கு, கேட்டைத் திற" என்பார்கள். வருஷக்கணக்காக இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அது கட்டின மனைவி வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கோபம் வந்தால், "ரீடிங்காருக்கு இன்னைக்கு என்ன குறைச்சலாம்?" என்று கழுவுகிற பாத்திரத்திடம் கேட்பாள். நாமும் அவரை ரீடிங் என்றே வைத்துக்கொள்வோம்.

தொழிலில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. மீட்டரைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடுவார். மாடிப்படிக்குக் கீழே குனிந்து எண்ணைப் பார்ப்பார், கையிலிருக்கும் மிஷினில் தட்டுவார், நிமிர்ந்து, "யாரும்மா விருந்தாளி? பத்து நாளாவது தங்கியிருப்பாங்க போலிருக்கே" என்பார். வீட்டுக்காரி வாயைப் பிளப்பாள். "மீட்டர் பொய் சொல்லாதும்மா. மனுஷன்தான் சொல்லுவான்" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அந்த நடையில் ஒரு மிடுக்கு இருக்கும்.

ஒரே ஒருமுறை மூக்குடைபட்டிருக்கிறார். ஒரு வீட்டில் ரீடிங் சரிந்து கிடந்தது. "என்ன சார், ஃபிரிட்ஜ் ரிப்பேரா?" என்று கேட்டுவைத்தார். "ஃபிரிட்ஜ் நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்காரிதான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்றார் அந்த மனிதர். அன்றோடு ரீடிங் ஒரு பாடம் படித்தார். ஏறின ரீடிங்கைப் பற்றித்தான் வாய் திறக்கலாம். இறங்கின ரீடிங் என்றால் பேசாமல் சீட்டைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டிவிட வேண்டும். ரொம்பவும் இறங்கிவிட்டால் மிஷினே சந்தேகப்பட்டு, பூட்டின வீடா என்று கேட்கும். ஆமாம் என்று ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது.

ஊரார் வீட்டு மீட்டரை இத்தனை வருஷம் பார்த்தவர் சொந்த வீட்டில் எப்படி இருப்பார்? யாராவது ஒரு அறையைவிட்டு எழுந்தால் அவர்கள் கால் நிலைப்படியைத் தாண்டுவதற்குள் இவர் கை சுவிட்சுக்குப் போய்விடும். குளியலறையில் ஆள் இருக்கும்போதே விளக்கை அணைத்து வாங்கிக் கட்டிக்கொண்டது ஒருதரம் இரண்டுதரம் இல்லை. ஒரே மகள் பாப்பா, பள்ளியில் கடைசி வருஷம். அவள் அறையில் இரண்டு டியூப் லைட் இருந்தது. "ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு?" என்று ஒன்றைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார். மகள் மேஜையை விளக்கடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

இந்த ரீடிங்குக்கு ஒரு சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவர்கள் வீடு அடுத்த தெருவில், ஆனால் இரண்டு வீடும் முதுகோடு முதுகு. ரீடிங் வீட்டு அடுக்களை ஜன்னலைத் திறந்தால் நடுவில் ஒரு சந்து, அதற்கு அந்தப் பக்கம் சகலை வீட்டுப் பின்னறை ஜன்னல். அக்கா தங்கை இருவரும் ஜன்னலுக்கு ஜன்னல் பேசியே ஒரு குழம்பு கொதித்து முடிந்துவிடும்.

சகலை நல்லவர்தான். அதுதான் பிரச்சினையே. கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். ரீடிங் சைக்கிளை விட்டு ஸ்கூட்டருக்கு வந்த வருஷம் சகலை காருக்குப் போனார். ரீடிங் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது சகலை தன் வீட்டுக்கு மூன்று நிறம் அடித்தார். அதற்கும் மேலே, இவர் வீட்டு வெள்ளைக்கும் பெயிண்ட் அவர் கடையிலிருந்துதான், பாதி விலைக்கு. வாங்கினவருக்கு நன்றியா வரும்? வயிற்றெரிச்சல்தான் வரும். ரீடிங்குக்கு வந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் இவர் கை ஓங்கியிருந்தது. சகலைக்குப் பிள்ளை இல்லை, இவருக்குப் பாப்பா. வெளியில் சொல்ல மாட்டார். ஆனாலும் கார் கண்ணில் படும்போதெல்லாம் உள்ளுக்குள் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்து ஆறிக்கொள்வார்.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. ஊரில் இருக்கிற ஏ.சி. எல்லாம் ஒன்றாய் ஓட, சாயங்காலமானால் லோடு தாங்காமல் கரண்டு போய்விடும். ஒருமணி நேரமோ இரண்டு மணி நேரமோ. தெருவே திரும்பி ரீடிங்கைப் பார்க்கும். "என்ன ரீடிங், உங்க ஆபீஸ்ல எல்லாரும் தூங்குறாங்களா?" நான் மீட்டர் பார்க்கிறவன், கரண்டு காய்ச்சுகிறவன் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கரண்டு ஆபீஸ்காரர் வீடும் எல்லார் வீட்டையும் போல இருட்டாகத்தான் கிடந்தது.

சகலை வீடு அப்படிக் கிடக்கவில்லை. ஒருநாள் ஊரெல்லாம் இருட்டாக இருக்கும்போது அந்தப் பின்னறை ஜன்னல் மட்டும் பளிச்சென்று எரிந்தது. ரீடிங் சந்து வழியே போய்ப் பார்த்தார். மேஜைமேல் ஒரு பெட்டி. மேலே கைப்பிடி, முன்னால் பிளக் ஓட்டைகள், எண் எரிகிற சின்னத் திரை. கரண்டு இருக்கும்போது சுவரில் செருகிவைத்தால் உள்ளே நிரப்பிக்கொள்ளும், போன பிறகு ஃபேனையும் விளக்கையும் இன்டர்நெட் பெட்டியையும் ஓட்டும்.

"போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன், சகலை" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

"பவர் ஸ்டேஷனா? பவர் ஸ்டேஷன்னா புகைபோக்கி இருக்கும், ஆயிரம் பேர் வேலை பாப்பான். இதுக்குப் பேரு டப்பா. நீங்க ஏற்கெனவே டப்பா விக்கிறவரு, இப்ப இன்னொரு டப்பா வாங்கியிருக்கீங்க."

சகலை விழுந்து விழுந்து சிரித்தார். இவர் குத்துவதற்குச் சொன்னதை அவர் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார். குத்தினவனுக்கு இதைவிடக் கேவலம் உண்டா?

"டப்பான்னே வச்சுக்குவோம். ஆனா சத்தமில்ல, புகையில்ல. ஓசி கரண்டு, சகலை."

ஓசி. அந்தச் சொல்தான் ரீடிங்கின் உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்தது.

"ஓசியா? சுவத்துல செருகினா எங்கேர்ந்து வருது? உங்க மீட்டர்லேர்ந்துதானே. பத்து ஊத்தினா எட்டுதான் திரும்பி வரும், மிச்சம் ரெண்டு சூடாப் போயிடும். தொட்டுப் பாருங்க, சுடுதா இல்லையா? ஒண்ணும் ஓட்டாம சும்மா ஆன்ல வச்சாலும் உள்ளுக்குள்ள குடிச்சுக்கிட்டே இருக்கும். மாசக் கடைசில பில்லு பேசும்."

"பேசட்டும். நீங்கதானே ரீடிங் எடுக்க வரப்போறீங்க" என்றார் சகலை. பிறகு குரலைத் தாழ்த்தினார். "சகலை, பாப்பாவுக்குப் பரீட்சை வருது. இதை நீங்க எடுத்துட்டுப் போங்க. கைப்பிடி அதுக்குத்தானே இருக்கு. நாங்க ரெண்டு பேரு, எப்படியும் இருந்துக்குவோம்."

சொன்னது நல்ல வார்த்தை. அது ரீடிங்கின் காதில் எப்படி விழுந்தது என்றால், உன் பிள்ளைக்கு உன்னால் ஒரு விளக்குப் போட முடியவில்லை என்று விழுந்தது.

"எங்களுக்கு எதுக்கு? மெழுகுவத்தி இருக்கு" என்று திரும்பிவிட்டார். வீட்டில் இதைக் கேட்ட மனைவியின் முகத்தில் கடுகைப் போட்டிருந்தால் பொரிந்திருக்கும்.

"கௌரவத்தைக் கொளுத்தி வெளிச்சம் போடுங்க, பொண்ணு படிக்கட்டும்" என்றாள்.

டப்பா இந்தப் பக்கம் வரவில்லை. அதனால் பாப்பா அந்தப் பக்கம் போனாள். மறுநாள் சாயங்காலம் கரண்டு போனதும் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு, "சித்தி வீட்டுக்குப் போறேன்பா" என்று செருப்பை மாட்டினாள். படிக்கிற பிள்ளையைத் தடுக்க முடியுமா? கரண்டு வந்ததும் திரும்பிவிடுவாள் என்று இவர் நினைத்தார். கரண்டு வந்தது, பாப்பா வரவில்லை. சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, தூங்க மட்டும் வந்தாள். நாலைந்து நாளில் அவளுக்குத் துணை என்று மனைவியும் போக ஆரம்பித்தாள். அப்புறம் துணை என்ற சாக்கும் போய்விட்டது.

ரீடிங் அடுக்களையில் இருட்டில் உட்கார்ந்து மூடிவைத்த தட்டைத் திறந்து சாப்பிட்டார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது. பாப்பா மேஜையில் குனிந்திருக்கிறாள். சகலை ஏதோ சொல்கிறார். பாப்பா பேனாவைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறாள். அப்படி ஒரு சிரிப்பை இந்த வீட்டில் அவள் கடைசியாக எப்போது சிரித்தாள் என்று யோசித்துப் பார்த்தார். தட்டைப் பாதியில் மூடிவைத்தார்.

பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் கிடையாது. கார், மூன்று நிற வீடு, கடை எல்லாவற்றையும் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டவருக்கு இது மட்டும் பொறுக்கவில்லை. கையில் இருந்தது ஒன்றே ஒன்று. அதையும் ஒரு டப்பாவைக் காட்டி இழுத்துக்கொண்டான் பார், பிள்ளையில்லாதவன், என்று நினைத்தார். நினைத்த பிறகு அவருக்கே கொஞ்சம் கூசியது. ஆனாலும் அடுத்த நாளும் அதையேதான் நினைத்தார்.

வீட்டில் பேச்செல்லாம் சித்தப்பா மயம். சித்தப்பா இந்தக் கணக்கை வேற மாதிரி சொன்னாரு. சித்தப்பா கடைல கலர் கலக்குற மிஷின் வந்திருக்குப்பா. "அந்தச் சித்தப்பாவுக்கு பில்லு வரட்டும், அப்பப் பாக்கலாம்" என்றார் ரீடிங் ஒருநாள்.

"எப்பப் பாத்தாலும் பில்லுதானாப்பா?" என்று கேட்டுவிட்டு பாப்பா முகம் கழுவப் போனாள். இவர் அவள் அறை விளக்கை அணைத்தார்.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆறுதல் ரீடிங் நாள். சகலையின் தெரு அவர் ரவுண்டில் இருந்தது. ஜன்னலில் நின்றுகொண்டு, "குடி, நல்லாக் குடி" என்று அந்த டப்பாவைப் பார்த்துச் சொல்வார். மீட்டர் எகிறட்டும். எகிறின எண்ணை சகலை கையில் கொடுத்து, இதுதானா உங்க ஓசி என்று ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்டால் பாப்பாவுக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும், டப்பாவின் மவுசும் இறங்கும், பிள்ளை வீட்டோடு இருப்பாள். இதுதான் அவர் திட்டம். இப்படி ஒரு திட்டத்தை நம்பி ஒரு வளர்ந்த மனிதர் நாளை எண்ணிக்கொண்டிருந்தார் என்றால் நம்புவீர்களா? எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

நாள் வந்தது. சகலை கடைக்குப் போயிருந்தார். மச்சினிதான் கதவைத் திறந்தாள். "வாங்க மாமா, மோர் தரட்டுமா?" என்றாள். வேலையில் இருக்கும்போது வேண்டாம் என்று ரீடிங் நேராக மாடிப்படிக்குக் கீழே குனிந்தார். எண்ணைப் பார்த்தார். போன மாதத்து எண்ணைக் கழித்தார்.

எகிறித்தான் இருந்தது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரீடிங்கின் நெஞ்சு ஒரு குதி குதித்தது.

ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா விடுமா? சீட்டு அடிக்கப் போன விரல் நின்றுவிட்டது. "அந்த டப்பாவைக் கொஞ்சம் காட்டும்மா" என்றார். பின்னறைக்குப் போய்த் திரையைப் பார்த்தார். நேற்று ஓட்டினது எவ்வளவு, இப்போது சுவரிலிருந்து வாங்குவது எவ்வளவு என்று அதுவே காட்டியது. ஓடினது ஒரு ஃபேன், ஒரு விளக்கு, நெட் பெட்டி. சூடாகப் போகிற நஷ்டத்தைச் சேர்த்தார். சும்மா இருக்கும்போது குடிப்பதைச் சேர்த்தார். ஆசைக்கு இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டார். என்ன போட்டும் வாரத்துக்கு இரண்டு டீக் காசு தேறவில்லை. டப்பா ஓசி இல்லை என்பதில் அவர் சொன்னது சரிதான். ஆனால் இந்த எகிறலுக்கு டப்பா காரணமே இல்லை.

அப்போது வாய் தன்பாட்டுக்கு, பழக்கதோஷத்தில், வருஷக்கணக்காய்க் கேட்டதைக் கேட்டது.

"இது ரெண்டு பேர் வீட்டு ரீடிங் இல்லையே. யாரும்மா விருந்தாளி?"

மச்சினி சிரித்தாள். "நல்லாக் கேட்டீங்க போங்க. உங்க வீட்டு ஆளுங்கதான் மாமா. அக்கா பகல்லயும் இங்கதான், இப்பத்தான் காய் வாங்கப் போனா. கரண்டு வந்ததும் பாப்பாவுக்கு ஏ.சி. போட்டுடுவோம், வேர்க்குதுன்னா அவளுக்குப் படிப்பு ஓடாது. அவ அறையில ஒரே ஒரு லைட்டாமே, அதனால இங்க மூணு லைட் போட்டுக்கிட்டு உக்காருவா. அக்காவும் நானும் கரண்டு அடுப்புல எதையாவது பண்ணிக்கிட்டே இருப்போம். இவரு என்ன சொல்றாரு தெரியுமா? பில்லு எவ்வளவு வேணா வரட்டும், இப்பத்தான் இது வீடு மாதிரி இருக்குன்னு சொல்றாரு."

ரீடிங் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். டப்பா குடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. அன்றைக்கு மீதி வீடுகளில் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மத்தியானம் ஆபீசில் மிஷினைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றார். சொந்தத் தெருவைத் தானே பார்க்கக் கூடாது என்பது ஆபீஸ் வழக்கம். அவர் தெருவை அந்த மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் பார்த்திருந்தாள். பின்னால் நின்றவள் மரியாதையாகக் கேட்டாள்.

"அண்ணா, இன்னைக்கு உங்க வீட்டு வாசல் மீட்டரும் நான்தான் பாத்தேன். ரொம்பக் கம்மியா இருந்துச்சு. பூட்டின வீடான்னு மிஷின் கேட்டுது. கதவும் பூட்டித்தான் இருந்துச்சு, அதனால ஆமான்னு போட்டுட்டேன். எல்லாரும் ஊருக்குப் போயிருந்தீங்களாண்ணா?"

இறங்கின ரீடிங்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"ஆமாம்மா" என்றார் ரீடிங். பிறகு, "எவ்வளவு?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அங்கே எகிறின அதே மாதத்தில் இங்கே பாதிகூட ஓடவில்லை.

சாயங்காலம் பூட்டைத் திறந்து உள்ளே போனார். செருப்பு வைக்கிற இடத்தில் செருப்பே இல்லை. வழக்கம்போல் கரண்டு போயிற்று. வழக்கம்போல் எதிர் ஜன்னல் எரிந்தது. அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சிரிப்புச் சத்தம் மட்டும் சந்தைத் தாண்டி வந்தது. யார் யாரை இழுத்துக்கொண்டார்கள்? இந்த வீட்டிலிருந்து ஆளை ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து அனுப்பியது யார்? மீட்டர் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தானே.

கரண்டு வந்தது. கூடத்து விளக்கு எரிந்தது. கை சுவிட்சுக்குப் போனது, அங்கேயே நின்றது.

பரணில் ஏறி அந்த டியூப் லைட்டை எடுத்தார். தூசியை வேட்டியில் துடைத்து, பாப்பா அறையில் மாட்டிப் போட்டார். அது நாலுமுறை கண்சிமிட்டிவிட்டு எரிந்தது. அப்புறம் அடுக்களை, குளியலறை, வாசல், மாடிப்படி, சாமான் அறை. யாருமில்லாத அறைகளில் ஃபேனைப் போட்டார். இருக்கிற எல்லா சுவிட்சையும் போட்டு முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. மனசு ஒரு பக்கம் யூனிட்டும் எண்ணியது, பொய் சொல்வானேன்.

எதிர் ஜன்னலில் பாப்பாவின் தலை தெரிந்தது. "அம்மா, இங்க வாயேன், நம்ம வீட்டுல என்னமோ ஆயிடுச்சு" என்ற குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சந்தில் தடதடவென்று செருப்புச் சத்தம். முன்னால் பாப்பா, பின்னால் மனைவி, அதற்குப் பின்னால் சகலை, கையில் அந்த டப்பா. ஃபியூஸ் கியூஸ் போயிருந்தால் உதவும் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாராம்.

"என்ன ஆச்சு சகலை?"

"ஒண்ணும் ஆகல. லைட் போட்டேன்."

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. போகிற போக்கில் குளியலறை விளக்கை அணைக்கக் கையை நீட்டினாள். இத்தனை வருஷப் பழக்கம். "இருக்கட்டும்" என்றார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பாப்பா தன் அறை வாசலில் நின்று இரண்டு விளக்கையும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு இவரைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, நம்ம வீட்டுக்கு யாராவது விருந்தாளி வராங்களா?"

"நீதாண்டா" என்று சொல்ல வந்தார் ரீடிங். சொல்லாமல் சகலையின் பக்கம் திரும்பினார்.

"அதை இங்க வச்சிட்டுப் போங்க சகலை. பரீட்சை முடியற வரைக்கும் இங்க இருக்கட்டும்."

பெயிண்ட் கடைக்காரர் டப்பாவை உடனே கீழே வைக்கவில்லை. ஒரு நிமிஷம் அதைத் தூக்கிக்கொண்டே நின்றார். டப்பா போனால் கூடவே எது போகும் என்று அவருக்கும் தெரியும். பிறகு மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு, எப்போதும்போல் சிரிக்கப் பார்த்தார்.

"சார்ஜ் கம்மியா இருக்கு. செருகி வைங்க. ஓசிதானே."

"ஓசி இல்ல" என்றார் ரீடிங், பிளக்கைச் சுவரில் செருகிக்கொண்டே. "எங்க மீட்டர்ல ஓடும். பில்லு எனக்கு வரட்டும்."

"சித்தப்பா, சித்தியையும் கூப்பிடுங்க, இங்கயே சாப்பிடலாம்" என்றாள் பாப்பா.

ரீடிங்கின் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் ஒருமுறை தலைதூக்கியது. ஆனாலும் அவரே ஜன்னலுக்குப் போய், எதிர்ப்பக்கம் நின்ற மச்சினியிடம், "விளக்கெல்லாம் அணைச்சுட்டு வாம்மா" என்றார்.